மகள் இளைத்தாள், நான் மகிழ்ந்தேன்!

கீழக்குயில்குடிக்கு நாங்கள் குடிவந்து பதினாறு வருஷமாகிறது. வாசலில் நின்றால் சமணர் மலை தெரியும். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். விடிந்தும் விடியாத நேரத்தில் மதுரையிலிருந்துகூட நடைப்பயிற்சிக்கு ஆட்கள் வருகிறார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பின்னால் சிவப்பு விளக்கு மினுக்க, தலைக்கவசமும் முழுக்கைச் சட்டையுமாக ஒரு பெண் சைக்கிளில் பறப்பதை யாராவது பார்த்திருந்தால், அநேகமாக அவள் என் மூத்த மகள்தான்.

எனக்கும் சைக்கிளுக்கும் பழைய சொந்தம் உண்டு. நான் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டம். (இங்கே பக்கத்தில் இருக்கிற நாகமலைப் புதுக்கோட்டை இல்லை. இதைச் சொந்தக்காரர்களுக்கு இன்னமும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்!) 1991-92இல் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்தில் வந்தபோது எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், நர்ஸம்மாக்கள், வாத்தியாரம்மாக்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். நானும் பதினாறு வயதில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பார் வைத்த ஆம்பளை சைக்கிளில், முழங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டு கற்றேன். அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைத்துப் போகலாம் என்று அக்காமார்கள் அதைத்தான் விரும்பி எடுப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு என் சைக்கிள் போன இடம் தெரியவில்லை. அது இருக்கட்டும்.

2023 பொங்கலுக்கு மகள் தன் சம்பளத்தில் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு சைக்கிள் வாங்கினாள். மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை அவளுக்கு. "இந்தக் காசுக்கு ஒரு கறவை மாட்டை வாங்கிக் கட்டியிருந்தா பாலாவது கறந்திருக்கும்" என்றார் என் மாமியார். பிள்ளைகளுக்கு அவர் அப்பத்தா. எடை குறைவான சைக்கிள். ஒரு விரலால் தூக்கிவிடலாம். ஸ்டாண்டு கிடையாது, கேரியர் கிடையாது. "முப்பத்தெட்டாயிரம் குடுத்துட்டு செவுத்துல சாத்தி வைக்கணுமாக்கும்!" என்று அதற்கும் ஒரு பேச்சு.

முதலில் நாகமலைப் புதுக்கோட்டைவரை, பிறகு செக்கானூரணிவரை, அப்புறம் உசிலம்பட்டி போய்த் திரும்புவது. அதுவே அறுபது கிலோமீட்டர் பக்கம் வந்துவிடும். ஆடி மாதத்தில் தேனிச் சாலையில் மேற்கே பார்த்து ஓட்டினால் எதிர்க்காற்று ஆளையே தள்ளும். "போறப்போ காத்து புடிச்சுத் தள்ளுது, வர்றப்போ அதே காத்து வீட்டுல கொண்டுவந்து விடுதும்மா" என்பாள்.

அவளுடைய குறி 200 கிலோமீட்டர். பி.ஆர்.எம். என்று ஒன்று இருக்கிறது. பிரான்சு நாட்டில் பிறந்த வழக்கம். பந்தயம் இல்லை, முதல் பரிசு மூன்றாம் பரிசு கிடையாது. குறித்த நேரத்துக்குள் குறித்த தூரத்தை முடித்தால் தேர்ச்சி, அவ்வளவே. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம். 300-க்கு இருபது, 400-க்கு இருபத்தேழு, 600-க்கு நாற்பது மணி. நடுநடுவே சில இடங்களில் அட்டையைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும். அந்த இடங்களைத் தவிர, வழியில் வீட்டார் காரில் பின்தொடர்ந்து தண்ணீரோ சோறோ கொடுக்கக் கூடாது. டயர் பஞ்சரானால் அவளேதான் ஒட்டிக்கொள்ள வேண்டும். இப்படிப் படிப்படியாகத் தேறியவர்கள் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் பயணத்துக்குப் போகலாமாம். 1891-இல் தொடங்கியது அது. இப்போது நாலு வருஷத்துக்கு ஒரு முறை, 2023-இல் நடந்தது. என் மகள் 2027 என்று அலமாரிக் கதவில் எழுதி ஒட்டியிருந்தாள். வயசுப் பெண் கனவு காணட்டுமே என்று நானும் விட்டுவிட்டேன்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவள் ஆறேழு மாதத்தில் நாற்பத்தாறுக்கு வந்தாள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, இடுப்பு ஒரு பிடியாகிவிட்டது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்கிறீர்கள்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: சந்தோஷமாக இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் ஒரு வரன் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு கொஞ்சம் பூசுனாப்பல இருக்கு" என்று தரகரிடம் சொல்லியனுப்பியது என் மனசில் முள்ளாக நின்றிருந்தது. இப்போது பழைய ரவிக்கைகளை நானே உட்கார்ந்து பிடித்துத் தைத்துக்கொடுத்தேன். விசேஷ வீடுகளில், "என்ன பண்றா உங்க பொண்ணு, இப்படி சிக்குனு ஆயிட்டா?" என்று யாராவது கேட்டால் பெருமையாகச் சைக்கிள் கதையைச் சொல்வேன்.

அவள் சாப்பாடும் சுருங்கிக்கொண்டே வந்தது. கைபேசியில் எங்கோ பார்த்த பட்டியலாம். காலையில் இரண்டு இட்லி. மத்தியானம் ஒரு கரண்டி சோறு, மீதி காய். சாயங்காலம் சர்க்கரை இல்லாத கிரீன் டீ. ராத்திரி ஒரு சப்பாத்தி, வெள்ளரிக்காய். சோறு என்றால் எதிரி மாதிரி. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, ஒன்றும் சாப்பிடாமல், வெறும் தண்ணீர் பாட்டிலோடு முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து ஆபீசுக்கு ஓடுவாள். வெறும் வயிற்றில் ஓட்டினால்தான் கொழுப்பு கரையுமாம்.

மாதச் சாமான் வாங்குகிறவள் நான்தானே? நவம்பரில் கவனித்தேன், அலமாரியில் வைத்த நாப்கின் பாக்கெட் அப்படியே இருக்கிறது. சின்னவளுடையது மட்டும் தீர்கிறது. கேட்டேன்.

"மூணு நாலு மாசமா வரலம்மா. நிறைய எக்சர்சைஸ் பண்றவங்களுக்கு அப்படித்தானாம். நல்லதுதானே, தொல்லை விட்டுச்சு."

ஒரு தாய்க்கு அந்த நிமிஷம் மனசு எங்கெல்லாம் ஓடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நானும் எடுக்கவில்லை. டாக்டரிடம் அழைத்துப் போயிருக்க வேண்டும். சங்கடத்துக்குப் பயந்து தள்ளிப்போட்டேன்.

2024 ஜனவரியில் முதல் 200 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குப் புறப்பாடு, இரவு ஏழரைக்குள் வந்துவிட வேண்டும். மத்தியானம் மூன்று மணிக்குப் போன். "அப்பாவ வரச் சொல்லும்மா." குரலே இல்லை. இவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது ரோட்டோர டீக்கடை பெஞ்சில் சுருண்டு படுத்திருந்தாளாம். கடைக்கார அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாராம். 142 கிலோமீட்டர் வந்திருந்தாள். அதுவரை அவள் சாப்பிட்டது ஒரு வாழைப்பழமும் நாலு பேரீச்சம்பழமும். வெறும் தண்ணீரை மட்டும் பாட்டில் பாட்டிலாகக் குடித்திருக்கிறாள். தலைவலி, குமட்டல், கை நடுக்கம். வியர்வையில் உப்புப் போய்க்கொண்டிருக்கும்போது வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறி ஊற்றினால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும், அது ஆபத்து என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் டாக்டரம்மாவிடம் போனோம். முதலில் கர்ப்பப் பரிசோதனைதான். மாதவிலக்கு நின்று வருகிற யாருக்கும் அதுதான் முதல் பரிசோதனை, இதில் சந்தேகமும் இல்லை அவமானமும் இல்லை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். நான் கேட்டதையும் அவர் கேட்டதையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தலை குனிந்தேன். பிறகு தைராய்டு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகள். சினைப்பையில் கட்டி இல்லை, தைராய்டிலும் குறையில்லை. கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: "நேத்து என்னென்ன சாப்பிட்டே? ஒண்ணு விடாம சொல்லு."

மகள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். கூட்டினால் ஆயிரத்து முந்நூறு கலோரிகூடத் தேறவில்லை.

அவர் சொன்ன கணக்கை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். நாம் சாப்பிடுவதில் பயிற்சிக்குச் செலவானது போக மீதி இருப்பதில்தான் உடம்பு தன் குடும்பத்தை நடத்த வேண்டும்: இதயம், மூளை, எலும்பு, தோல், மாதச் சுழற்சி எல்லாம். கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிலோவுக்கு 45 கலோரியாவது மீதி நின்றால் நிம்மதி. முப்பதுக்குக் கீழே போய் அப்படியே பல மாதம் நின்றால் பல பெண்களுக்கு உடம்பு சிக்கனத்தில் இறங்கிவிடும். என் மகளுக்குக் கொழுப்பு நீங்கலாகச் சுமார் 38 கிலோ. ஆக, 1,710 மீதி வேண்டும். 1,140க்குக் கீழே போகக் கூடாது. அவள் சாப்பிட்டதே 1,300. முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிற நாளில் அதில் ஐந்நூறு போய்விடும். உசிலம்பட்டி போய்வரும் ஞாயிற்றுக்கிழமையில் ஆயிரமே போய்விடும். முந்நூறு கலோரியில் ஒரு உடம்பு எப்படிக் குடும்பம் நடத்தும்?

கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள் ஆயிற்றே, அந்தத் தாளைப் பார்த்ததும் அவள் முகமே மாறிவிட்டது.

நம் வீட்டில் மாசக் கடைசியில் கையிருப்புக் குறைந்தால் என்ன செய்வோம்? முதலில் பூவை நிறுத்துவோம், பத்திரிகையை நிறுத்துவோம். அரிசியில் கை வைக்க மாட்டோம். உடம்பும் அப்படித்தான், பிழைத்திருக்க உடனடியாகத் தேவைப்படாத செலவை முதலில் நிறுத்துகிறது. மூளையின் அடியிலுள்ள ஹைபோதலாமஸ் என்ற பகுதி, 'இப்போது இந்த உடம்பில் ஒரு குழந்தையைத் தாங்க வசதியில்லை' என்று சினைப்பைக்குப் போகும் சமிக்ஞையைக் குறைத்துவிடுகிறது. மாதவிலக்கு நின்றுபோகிறது. கூடவே ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு கரையத் தொடங்குகிறது. மாதவிலக்கு நின்றதைத் 'தொல்லை விட்டது' என்று நினைத்தோமே, அது வீட்டில் எண்ணெய் தீர்ந்து விளக்கு அணைந்தது மாதிரி.

இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் வைத்த பெயர். ஓட்டக்காரர்கள், நாட்டியம் ஆடுகிறவர்கள், நீச்சல்காரர்கள் என்று பலருக்கும் வருவது, ஆண்களுக்கும் வருமாம். சைக்கிள்காரர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. நடக்கும்போதும் குதிக்கும்போதும் நம் எடை எலும்பில் இறங்கி அதைக் கெட்டிப்படுத்தும். சைக்கிளில் எடையைச் சீட்டு தாங்கிக்கொள்வதால் எவ்வளவு மிதித்தாலும் எலும்புக்கு அந்த லாபம் இல்லை. எலும்பு அடர்த்தி பார்த்ததில் மகளுக்கு அவள் வயதுக்கு இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. இருபத்தைந்து வயதில்! முப்பது வயதுக்குள் எலும்பில் சேர்ப்பதுதான் சேமிப்பு, அப்புறம் அதை எடுத்துச் செலவு பண்ணுகிற காலம்தான்.

"மாத்திரை குடுத்தா பீரியட்ஸ் வந்துடும்தானே டாக்டர்?" என்று நான்தான் கேட்டேன்.

"ரத்தம் வரும். ஆனா அது மாத்திரையால வர்றது. உள்ள பசி அப்படியே இருக்கும், எலும்பும் அப்படியே தேயும். நமக்குத் தெரியாமப் போயிரும், அவ்வளவுதான். மருந்து உங்க அடுப்படியில இருக்கும்மா" என்றார்.

பஸ்ஸில் வரும்போது இருவரும் பேசவில்லை. எனக்குத் தைத்துக்கொடுத்த ரவிக்கைகள்தான் ஞாபகம் வந்தன.

நான்கு மாதத்துக்கு நீண்ட தூரம் வேண்டாம், வாரம் இரண்டு நாள் மெதுவாக ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டு என்று சொல்லியிருந்தார். முதல் வாரம் அவள் பட்ட பாடு! ஓட்டாமல் இருப்பது அவளுக்கு ஓட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. சாப்பாட்டிலும் அதே போராட்டம். ஒரேயடியாகக் கூட்டாமல் தினம் முந்நூறு நானூறு கலோரி என்று ஏற்றச் சொன்னார். மூன்றாவது இட்லியை வைத்தால் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த மூன்றாவது இட்லிக்கு அவள் கண்ணில் நீர் வந்ததைப் பார்த்தபோதுதான் இது வெறும் பசி விவகாரம் இல்லை, மனசு விவகாரமும்தான் என்று புரிந்தது. "இளைச்சா அழகுன்னு நீதானேம்மா சொன்னே" என்றாள் ஒரு நாள். பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து வீட்டில் எடை, இளைப்பு, பருமன் என்ற வார்த்தைகளையே யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு போட்டேன். எடை மெஷினைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினேன். தரகரையும் கொஞ்ச நாள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கூட்டியது பெரிய பதார்த்தம் ஒன்றும் இல்லை. ஓட்டப் போகும்முன் ஒரு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும். திரும்பிவந்து ஒரு மணி நேரத்துக்குள் முழுச் சாப்பாடு. உழைத்துவந்த தசை பழுதுபார்க்கப் புரதம் கேட்கும், காலியான சர்க்கரைச் சேமிப்பை நிரப்ப மாவுச்சத்து கேட்கும். இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் சேர்ந்தால் ஏறக்குறைய இருபது கிராம் புரதம் வந்துவிடுகிறது, அது அவளுக்குப் போதும். முட்டை வேண்டாமென்ற நாளில் பாசிப்பயறு சுண்டல், கெட்டித் தயிர். புரதப் பவுடர் டப்பா ஒன்று வாங்கி வைத்திருந்தாள். கெட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த விலைக்கு எத்தனை முட்டை வரும் என்று நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டியதும் அது அப்படியே நின்றுவிட்டது. வாரம் இரண்டு மூன்று நாள் கேழ்வரகு: கூழோ அடையோ. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் சுவரொட்டியும் ஈரலும். ஆட்டு மண்ணீரலைத்தான் மதுரைப் பக்கம் சுவரொட்டி என்போம், இரும்புச்சத்துக்குக் கேட்கவே வேண்டாம். முருங்கைக் கீரை சமைத்தால் கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ. புளிப்பிலுள்ள வைட்டமின் சி கீரையின் இரும்பை உடம்பில் சேர்க்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதே இரும்பை அது தடுத்துவிடும், ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும்.

இந்த டீ விஷயம் எனக்கே பெரிய இடி. சாப்பிட்டதும் டீ இல்லாமல் எனக்கு ஆகாது. "அம்மாவுக்கும் ரத்தம் பாத்துருவமா?" என்று டாக்டரம்மா கேட்டபோது எனக்கென்ன என்றேன். பார்த்தால் ஹீமோகுளோபின் 9.2. பன்னிரண்டு இருக்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சிரித்துவிட்டு, நான் தனியாள் இல்லை என்றார். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு ஐம்பத்து மூன்று பேருக்கு ரத்தசோகை இருந்ததாம். யோசித்துப் பார்த்தேன். எல்லோருக்கும் போட்டுவிட்டு, சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவள் நான். மகள் பட்டியலைப் பார்த்துப் பட்டினி கிடந்தாள். நான் பட்டியலே இல்லாமல் கிடந்திருக்கிறேன். இப்போது இரும்பு மாத்திரையும், எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பாடும். மாமியாரே, "நீயும் உக்காரு, போட்டுக்கிட்டு சாப்பிடுவோம்" என்கிறார்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, என் நாத்தனார் மகள் போன் செய்தாள். ஐந்து மாதக் கைக்குழந்தைக்காரி. பிரசவத்தில் ஏறிய எடையை இறக்கக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் ஓட்டமும், இரவு வெறும் பழமும் என்று இருந்தாளாம். தலை சுற்றுகிறது என்றாள். பால் கொடுக்கிற தாய்க்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட ஏறக்குறைய அறுநூறு கலோரி கூடுதலாக வேண்டும். சைக்கிள் மிதிக்காமலே அவள் தினமும் ஒன்றரை மணி நேரம் சைக்கிள் மிதிக்கிறவள் மாதிரிதான். 'முதலில் டாக்டரைப் பார், அதுவரை ராத்திரி சோறு சாப்பிடு' என்று சொன்னேன்.

ஓய்வையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. மிதிக்கும்போது பலம் ஏறுவதில்லையாம். மிதிக்கும்போது தசை அலுத்து நுண்ணிய சேதம்தான் ஆகிறது; தூங்கும்போதும் சும்மா இருக்கும்போதும்தான் உடம்பு அதைச் சரிசெய்து, முன்னைவிடக் கெட்டியாகக் கட்டுகிறது. மகளோ பதினொன்றரை வரை கைபேசி, நாலு மணிக்கு அலாரம். இப்போது ஒன்பதரைக்கு விளக்கு அணைத்தாக வேண்டும். கடினமாக ஓட்டிய நாளுக்கு மறுநாள் லேசாக, வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு, மூன்று வாரம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் நான்காவது வாரம் இறக்கம். காலையில் கண் விழித்ததும் படுத்தபடியே நாடி பார்ப்பாள். வழக்கத்தைவிட ஏழெட்டு துடிப்பு கூடுதலாகவே இரண்டு மூன்று நாள் நின்றால் உடம்பு இன்னும் தேறவில்லை என்று அர்த்தம், அன்றைக்குச் சைக்கிள் சுவரோடு நிற்கும். எலும்புக்காக வாரம் மூன்று நாள் சமணர் மலையில் படியேறச் சொன்னேன், நானும் கூடப் போனேன். பேச்சிப்பள்ளம்வரை ஏறினால் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அசையாமல் இருக்கிறவர்களைப் பார்த்தபடி நான் மூச்சு வாங்குவேன். அவர்கள் உண்ணாநோன்பு இருந்தவர்கள், அதை மட்டும் மகளிடம் நான் ஞாபகப்படுத்தவில்லை!

சனிக்கிழமை அப்பத்தாவின் நல்லெண்ணெய்க் குளியல். கால் தசையைப் பிசைந்துவிடுவதில் அவருக்கு நிகர் கிடையாது. மருத்துவப்படி எவ்வளவு லாபமோ, அன்று ராத்திரி தூக்கம் பிரமாதமாக வருகிறது.

ஆகஸ்டு மாதம் ஒரு நாள் நான் மாவாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து குரல்: "அம்மா, பாக்கெட் எங்க வச்சிருக்க?" கிரைண்டரை நிறுத்திவிட்டு ஓடினேன். இருவரும் சிரித்த சிரிப்பில், என்னமோ ஏதோ என்று மாமியார் எழுந்து வந்துவிட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சாப்பாடு சரியானால் மறுமாதமே சரியாகிவிடும் என்று நினைத்தவள் நான். ஆறு மாதம் பிடித்தது. அடுத்த மாதமும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா மறுபடி தூரம் ஓட்டச் சம்மதித்தார்.

2025 ஜனவரியில் இரண்டாம் முறை. முந்தின இரண்டு நாளும் சோறு, இட்லி, உருளைக்கிழங்கு என்று மாவுச்சத்தை ஏற்றினோம். கடைசி வாரம் பயிற்சியைப் பாதியாக இறக்கினாள். வழியில் சாப்பிட வேண்டியதைப் பசிக்கக் காத்திருக்காமல் முக்கால் மணிக்கு ஒரு முறை என்று அலாரம் வைத்துக்கொண்டாள். மணிக்கு ஐம்பது அறுபது கிராம் மாவுச்சத்து வேண்டும். மூன்று சின்ன இட்லி, ஒரு பெரிய வாழைப்பழம் என்றால் சரியாக இருக்கும். இட்லியை எண்ணெயும் பொடியும் தடவிச் சின்னச் சின்னதாக வார்த்து, வாழையிலையில் மடித்துக் கொடுத்தேன், மதியம்வரை கெடவில்லை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய், கருப்பட்டித் துண்டு. ஒரு பாட்டிலில் பானகம்: வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், இந்த முறை உப்புக் கொஞ்சம் தூக்கலாக. இன்னொன்றில் தண்ணீர். பையில் நாலு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். அது இல்லாத இடத்தில், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், இருக்கிற அளவுக்குச் சோடியம் இல்லை, அதனால் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் குடிக்கச் சொன்னேன்.

இன்னொன்று, பெண்கள் பத்திரிகை என்பதால் சொல்கிறேன். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டையை உள்ளாடை இல்லாமல்தான் போட வேண்டும். தையல் உரசித்தான் புண் வருகிறது. ஓட்டி முடித்த உடனே கழற்றி, கழுவி, காய்ந்த பருத்திக்கு மாறிவிட வேண்டும். ஈரத்தோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் பூஞ்சைத் தொற்று நிச்சயம். முதல் முறை இதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு வாரம் நடக்க முடியாமல் நடந்தாள்.

இரவு ஆறே முக்காலுக்குப் போன். பின்னால் ஒரே இரைச்சல். "முடிச்சுட்டேன்மா! பன்னெண்டு மணி நாப்பது நிமிஷம்!" அடுத்த மூச்சிலேயே, "வீட்ல சோறு இருக்கா?" என்றாள்.

எடை இப்போது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. மெஷின் பரணில்தான் இருக்கிறது. தைத்துக்கொடுத்த ரவிக்கைகளைப் பிரித்துவிட்டேன். எலும்பு ஸ்கேன் இந்த வருஷக் கடைசியில் மறுபடி எடுக்க வேண்டும். அதில் எப்படி வருமோ என்ற கவலை போகவில்லை. அடுத்து 300 கிலோமீட்டர் என்கிறாள். இருபது மணி நேரம், அதில் பாதி ராத்திரி. இவர் முடியவே முடியாது என்கிறார். அவள், கூடப் பத்துப் பேர் வருகிறார்கள், அதில் நாலு பேர் பெண்கள் என்கிறாள். வீட்டில் வாதம் நடந்துகொண்டிருக்கிறது. நான் யார் பக்கம் என்று இதுவரை சொல்லவில்லை.